செங்கண்மாரிக்கு ஊசி போடக்கூடாதாம்

ரஞ்சி அக்கா செத்துப்போனா...

கிளிநொச்சி கார்மென்ட்ஸில் என்னோடு ஒரே லைனில் தைத்தவா. ஊர் ஸ்கந்தபுரம். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

"விதி", "ஆண்டவன் அழைச்சிட்டார்" என்று கொமன்ட் போட வருகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கோ. விதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பித்தப்பையில் இருந்த கல் நழுவிப்போய்ப் பித்தக் குழாயை அடைத்து, அங்கே கிருமி பிடித்துவிட்டது. வலது விலாவுக்குக் கீழே குத்து, ஆளையே தூக்கிப்போடும் குளிர் காய்ச்சல், கண் மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீட்டில் என்ன செய்தார்கள்? கண்ணை மட்டும் பார்த்தார்கள். செங்கண்மாரி, அதுதான் மஞ்சள் காமாலை, என்று முடிவுகட்டி, கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலில் கொடுத்தார்கள். உப்பில்லாத கஞ்சி, பத்தியம்.

காய்ச்சல் கொஞ்சம் விட்டால் மருந்து பிடிக்குதாம். திரும்ப நடுங்கினால் அக்கா களவாக உப்புச் சாப்பிட்டுவிட்டாவாம்...

என்னைக் கொண்டுபோங்கோ என்று அக்கா தானே கேட்டிருக்கிறா. அவவின் தங்கச்சி அழுதழுது எனக்குச் சொன்னாள். அவர்களின் பெரியப்பாதான் மறித்தாராம். "செங்கண்மாரிக்கு ஊசி போட்டா ஆள் தப்பாது பிள்ளை."

எப்படிப்பட்ட மனுசி தெரியுமா...

ஒருநாள் வேலையில் வயிற்றுக்குத்து வந்து நான் சுருண்டுவிட்டேன். டார்கெட் முடியட்டும் என்றார் சுப்பவைசர். அக்கா மெஷினை நிப்பாட்டிவிட்டு எழும்பினா. "டார்கெட்டை நீங்கள் தையுங்கோ. நான் இவளைக் கொண்டுபோறன்."

ஓட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க ட்ரைவருக்கு ஏச்சு. அப்பெண்டிக்ஸ். தப்பினேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லீவு இல்லை என்றபோது லைன் முழுக்கக் காய்ச்சல் என்று சொல்ல வைத்ததும் அவாதான். அடுத்த நாள் எல்லாரும் நெற்றி நிறையத் திருநீறோடு போய் நின்றோம். சுப்பவைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மனுசியை நினைவு தப்பிய பிறகுதான் கொண்டுபோயிருக்கிறார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. முதலே வந்திருந்தால் ஊசி மருந்து ஏற்றி, வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

நேற்று செத்தவீட்டில் அதே பெரியப்பா கதிரையில் சாய்ந்திருந்து கதை சொல்கிறார். "நான் அப்பவே சொன்னனான். ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்கள், பிள்ளை போயிட்டாள்."

சுற்றி இருந்தவர்கள் ஓம் ஓம் என்றார்கள். அக்காவின் மனுசனும் தலையாட்டினார்.

பத்திக்கொண்டு வந்தது எனக்கு. அதற்கு மேல் அங்கே நிற்க ஏலாமல் வந்துவிட்டேன்.

போயிட்டு வாங்கோ என்று சொல்ல மாட்டேன் ரஞ்சி அக்கா... நீங்கள் போயிருக்கவே தேவையில்லை.