மாமா குடித்த ஆற்றுத் தண்ணீர்

தென்காசியில் நான் வாழ்க்கைப்பட்ட தெருவில் எல்லா வீடும் ஒன்றுக்கொன்று சொந்தம். நடுவில் ஒரு கிணறு. அதை வெட்டியது என் மாமனாரின் அப்பா. அத்தை நான் வருவதற்கு முன்பே போய்விட்டதால், வீட்டில் மாமாவும் என் கணவரும் நானும் மட்டும்தான்.

யுத்த காலத்தில் இளவட்டங்கள் வேலை தேடிப் பட்டணத்துக்குப் போகத் தொடங்கினார்கள். அப்படிப் போன ஒருவர், பூட்டிக் கிடந்த தன் வீட்டைப் பர்மாவிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். புருஷன், பெண்டாட்டி, அவள் வயிற்றில் ஒரு பிள்ளை. காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள். மூத்த குழந்தையை வழியிலேயே புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். புருஷன் ரயிலடிப் பக்கம் ஒரு காப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் தெருக் கிணற்றில் வாளி விடக்கூடாது என்று முடிவானது. முடிவைச் சொன்னது மாமா.

"எந்த ஊரு, யாரு வீட்டு ஆளுக, ஒண்ணும் தெரியாது. சித்தாத்துல தண்ணி ஓடத்தான செய்யுது, அங்கன போய் எடுக்கட்டும்."

"பிள்ளைத்தாச்சிப் பொம்பளப்பா," என்றார் என் கணவர்.

"நீ சும்மா இருலே."

அவள் தினமும் குடத்தோடு ஆற்றுக்குப் போய் வந்தாள். ஒருநாள் காலை திரும்பி வரும் வழியில், எங்கள் வாசலுக்கு எதிரே குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. எழுந்திருக்க முடியவில்லை. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் உள்ளேயிருந்து கயிற்றையும் வாளியையும் எடுத்து வந்தார். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, கிணற்றில் இறைத்து அவள் வீட்டுப் பானைகளையெல்லாம் நிரப்பினார். மாமா வெளியே வந்தார்.

"ஏளா," என்று என்னைக் கூப்பிட்டார். "இனிமே இந்தக் கிணத்துத் தண்ணி என் நாக்குல படாது. உன் புருசங்கிட்ட சொல்லிரு."

என் கணவர் ஓரெட்டுத் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்று முதல் அந்த வீட்டுக்காரர்களும் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். மாமாவும் என் கணவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார்கள். நான் வீட்டின் முன்கட்டுக்கும் பின்கட்டுக்குமாக நடந்து சொன்னேன். மாமா செம்புப் பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு சித்தாற்றுக்கு நடந்தார். அவருக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீரில் தனியாக உலை வைத்தேன். ஒருமுறை தெருமுனையில் அவர் தடுமாறியதைப் பார்த்து என் கணவர் ஓடிப்போய்ப் பானையை வாங்கினார். மாமா அதைத் திரும்பப் பிடுங்கி, தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு மறுபடியும் ஆற்றுக்கே போனார். என் கணவர் அந்த ஈரத்தில் வெகுநேரம் நின்றார்.

பர்மாக்காரப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் மாமாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நாங்க வேற வீடு பாத்துப் போயிருதோம், பெரியய்யா. நீங்க பழையபடி உங்க கிணத்துத் தண்ணியக் குடிங்க."

மாமா குழந்தையைப் பார்த்தார். "உன்மேல எனக்கு என்ன தாயி கோவம்? நீ எங்கயும் போகாண்டாம். என் மகன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே. தெருவே பாக்க, என்னைத் தாண்டிப் போயிட்டானே."

அன்று மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றது.

"கேட்டிருந்தா விட்டிருப்பாகளா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "போய் இப்பக் கேளுங்களேன்," என்றேன். போகவில்லை. செய்ததில் தப்பில்லை என்று நினைத்தார். தப்பில்லைதான்.

அடுத்த ஆனியில் குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கியது. சாரல் எங்கள் தெருவரை அடித்தது. சித்தாறு கலங்கிப் புரண்டு ஓடியது. மாமா செம்மண் நிறத் தண்ணீரைக் கொண்டுவந்து துணியில் வடிகட்டித் தெளியவைத்துக் குடித்தார். நனைந்து நனைந்து காய்ச்சல் வந்தது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று என் கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

மறுநாள் பகலில் மாமா தண்ணீர் கேட்டார். பானையில் ஒரு சொட்டு இல்லை. என் கணவர் பானையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். மாமாவின் உதடு வெடித்துக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், கிணற்றுத் தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுபோனேன்.

"கிணத்துத் தண்ணி மாமா. ஒரு வாய் குடிங்க."

தலையை அசைத்தார். "அவன் எங்கன?"

பேச்சு நின்ற நாளிலிருந்து மகனைப் பற்றி அவர் கேட்டது அப்போதுதான்.

"உங்களுக்குத் தண்ணி எடுக்க ஆத்துக்குப் போயிருக்காக."

"வெள்ளம் வருதே. அவனுக்கு நீச்சல் தெரியாதே, ஏன் விட்டே?" என்றார். பிறகு வாசலைப் பார்த்தபடியே கிடந்தார்.

என் கணவர் நனைந்து வந்து படியேறியபோது, மாமாவின் கண்ணை நான் மூடியிருந்தேன்.

உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்கு எங்கே தண்ணீர் எடுப்பது என்று பெரியவர்கள் கேட்டார்கள். என் கணவர், கொண்டுவந்த பானையை இறக்காமலே நின்றார். அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் மாமாவைக் குளிப்பாட்டினோம். பர்மாக்காரர் ஆளோடு ஆளாகப் பாடை தூக்க வந்தார், யாரும் தடுக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்தபிறகுதான், மாமா கடைசியாகச் சொன்னதை என் கணவரிடம் சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு," என்றார். சொன்னேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

அதன்பிறகு தெருவுக்கு இன்னும் பல வெளியூர்க் குடும்பங்கள் வந்தன. புதிதாக வந்தவர்கள் வீட்டுக் கல்யாணமோ சாவோ, முதல் ஆளாகப் போய் நிற்பவர் என் கணவர்தான். ஆனால் யாராவது, "அன்னைக்கு நீங்க செஞ்சதுதான் சரி அண்ணாச்சி," என்று பேச்செடுத்தால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.