நான் சேர்த்த கம்ப்யூட்டரும் மங்கிய படமும்

மயூர் விஹார் வீட்டில், நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்திருக்கிறேன். அதில் சினிமா செயலியைத் திறந்தால் படம் மங்கலாகவே ஓடியது. இன்டர்நெட் லைன் பார்க்கும் சுனிலை மூன்று முறை வரவழைத்தேன்.

"லைன் சரியா இருக்கு அங்கிள்ஜி, கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று இந்தியில் சொன்னார். என் கைவேலையையா குறை சொல்கிறார் என்று, பக்கத்து வீட்டார் கேட்கத் திட்டினேன். அவர் ஆபீஸிலும் புகார் செய்தேன்.

மறுநாள் மனைவி, டி.வி.யிலேயே இருந்த அதே செயலியில் படத்தைப் போட்டாள். பளிச்சென்று தெரிந்தது. செயலியின் உதவிப் பக்கத்தை அப்போதுதான் படித்தேன். யாரும் காப்பி எடுக்கக் கூடாதென்று, காப்பியைத் தடுக்கும் வசதி இல்லாத, என்னுடையது போன்ற கம்ப்யூட்டர்களுக்குப் படத்தின் தரத்தைக் குறைத்துத்தான் அனுப்புவார்களாம்.

கூனிக்குறுகி சுனிலுக்குப் போன் செய்தேன். "பரவாயில்லை அங்கிள்ஜி, உங்க ஏரியாவிலிருந்து என்னை மாத்திட்டாங்க" என்றார்.

இப்போது எது பழுதானாலும் முதலில் என் கைவேலையைத்தான் சந்தேகப்படுகிறேன். லைன் பார்க்க வருகிறவர் வேறொருவர்.