முருங்கையை வைய ஒரு ஆள்

எனக்குக் கோபம் வந்தால் எங்கள் வில்லாபுரம் தெருவில் நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் குணத்துக்கும் ஒரு நாள் கிராக்கி வந்தது, அதைச் சொல்கிறேன்.

கொல்லையில் என் மனைவி காய்கறி போடுகிறாள். கடை உரம் ஒரு பிடி உள்ளே வந்ததில்லை. செடியில் பூச்சி அப்பினால் இஸ்திரிக்காரரிடம் வாங்கிவந்த சாம்பல். புழு விழுந்தால் வேப்பங்கொட்டை இடித்து ஊறப்போட்ட தண்ணீர். பூ உதிர்ந்தால் புளித்த மோர். எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு வைத்து மாதக்கணக்காகிறது. மோரெல்லாம் வெண்டைச் செடிக்குப் போய்விடும். கத்தரி, வெண்டை, அவரை எல்லாமே அவள் சொன்ன பேச்சைக் கேட்டுக் காய்த்தன.

முருங்கை மட்டும் கேட்கவில்லை. ஆளுயரத்துக்கு மேல் தழைத்து நின்றது, ஒரு பூ கிடையாது. கீரைப் பொரியல், கீரை அடை, கீரை சூப் என்று தின்று தீர்த்தேன். ஆட்டுக்குக்கூட ஒரு நாள் தழையை மாற்றிப் போடுவார்கள்.

இந்தச் சமயத்தில் பழைய கார் ஒன்று வாங்கித் தொலைத்தேன். அதை நிறுத்த இருக்கிற ஒரே இடம், பின்சந்துப் பக்கம் முருங்கை நிற்கிற மூலை. "மரத்த எடுத்துட்டு ஷெட் போட்டுருவோம்" என்றேன். அவள் கெடு கேட்டாள். "மாசி முடியட்டும். அதுக்குள்ள பூக்கலைன்னா வெட்டிக்கங்க."

பிறகென்ன, முருங்கைக்கு ராஜ வைத்தியம். மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து புளிக்கவைத்து வேரில் ஊற்றினாள். தண்டில் துளை போட்டுப் பெருங்காயக் கட்டி வைத்து அடைத்தாள். என் ரசம் அப்படிப்பட்ட பெருங்காயத்தைக் கண்டதேயில்லை! மரம் அசைந்து கொடுக்கவில்லை. மாசி கடைசி ஞாயிறு காலையில் அரிவாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"வெட்டிரவா?"

"வெட்டுறதுக்கில்ல, மிரட்டுறதுக்கு. எங்க ஊர்ப் பக்கம் காய்க்காத மரத்துக்கு இப்படித்தான் செய்வாக. ஒரு ஆளு அருவாள ஓங்கிக்கிட்டு வையணும். இன்னொரு ஆளு குறுக்க வந்து, 'விட்டுருங்க, இந்தத் தடவை காச்சிரும்'னு கெஞ்சணும். மரத்துக்கு ரோசம் வந்துரும்."

"வையுறதுக்கு நான்தான் கெடச்சனா?"

"ரசத்துல உப்புக் கூடுனதுக்கே அம்புட்டு வையுறீக. அத இதுட்டக் காட்டுங்க."

வேட்டியை மடித்துக் கட்டினேன். "ஏ முருங்க! வெக்கமாயில்ல ஒனக்கு? வேளாவேளைக்கு மோரு, பெருங்காயம்! எல்லாத்தையும் முழுங்கிட்டு நட்டமா நிக்கிற!" விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்ததும் சுருதி ஏறியது. கம்பளிப்பூச்சி அரிப்பு, தெரு வெயிலில் வெளிறுகிற கார், கீரை சூப் எல்லாம் சேர்ந்து வந்தன. கோபம் நிஜமாகிவிட்டது. "நாளைக்கே ஆளக் கூப்பிட்டு வேரோட தூக்கிர்றேன் பாரு. இந்த வீட்ல நீ யாருக்கு வேணும்?" என்று கத்தியபடி தண்டில் ஒரு கொத்தும் கொத்திவிட்டேன்.

குறுக்கே வரவேண்டியவள் வந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. நெசமா வெட்டிராதீக. காய்க்காட்டியும் நின்னுட்டுப் போகட்டும். மக பெங்களூருக்குப் போயிட்டா. நீங்க காலையில போனா ராத்திரிதான் வாரீக. வந்தாலும் வையத்தான செய்றீக? பகலெல்லாம் நான் இதுட்டத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

அவள் சொல்லிக்கொடுத்த வசனம் இது இல்லையே! எனக்குச் சுருக்கென்று தைத்தது. கையிலிருந்த அரிவாளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. "சரி சரி, ஒன்ன விட்டுட்டேன்" என்று மரத்திடம் சொன்னேன். அவளிடம், "ஷெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். இரு, காப்பி போட்டுட்டு வாரேன்" என்றேன்.

அன்று நான் போட்ட காப்பி படுமோசம். முருங்கையடியில் உட்கார்ந்து இருவரும் குடித்தோம். மரத்திடம் அப்படி என்னதான் பேசுவாய் என்று கேட்டேன். வெயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் என்னைப் பற்றித்தான்.

பங்குனியில் மரம் கொத்துக்கொத்தாகப் பூத்தது. மோரா, பெருங்காயமா, மிரட்டலா, எது வேலை செய்தது என்று யார் கண்டார்கள்? தெருவில் பெயரெடுத்தது என் வாய்தான். கார் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.

ஒரு சாயங்காலம் துறட்டியோடு காய் பறித்துக்கொண்டிருந்தேன். கழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சி அரிப்பு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாடிக்கார அம்மாவின் குரல் கேட்டது.

"மதினி! அண்ணே இருக்காகளா? எங்க எலுமிச்சையும் காய்க்க மாட்டேங்குது. ஒரு தடவ வந்து வஞ்சுட்டுப் போகச் சொல்லுங்க. அன்னைக்கு என்னமா வஞ்சாக!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. துறட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். அதற்குள் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"வேற ஆளப் பாருங்க மதினி. அவுகளுக்கு இப்பல்லாம் சரியா வைய வரமாட்டேங்குது."