மூடியில் அடைத்த சவர்க்காரம்

கிறகோரிக்கு மனிதர் கதைப்பதைவிட மோட்டர் கதைப்பது நன்றாக விளங்கும். நாயாற்றுக் கரையில் வள்ளத்தின் பின்னால் பூட்டி ஓடிய மோட்டர்கள் பத்துப் பன்னிரண்டு. அத்தனையும் கிழடுகள், அத்தனையும் அவன் கைபட்டவை. தொண்ணூற்று மூன்றில், போர்க்காலத் தடையால், வன்னிக்குள் பெற்றோல் மருந்துபோலப் போத்தலில்தான் கிடைத்தது. ஸ்ராட் பண்ண எண்ணெய்த் தாங்கியில் ஒரு மிடறு பெற்றோல் கலப்பார்கள், மற்றதெல்லாம் மண்ணெண்ணெய். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் மாதாவுக்கு நேர்ந்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டியதுதான். கிறகோரி சும்மா இருக்கிறவன் அல்ல, அகப்பட்டதை வெட்டிப் பொருத்துவான். சூசைநாயகத்தின் மோட்டரில் எண்ணெயை இழுக்கும் பம்பின் தோல் கிழிந்தபோது, பழைய மழைக்கோட்டு ஒன்றை அளவாக வெட்டிப் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பதினெட்டாம் நாள் சூசைநாயகம் செத்துப்போனான்.

வாடைக்காலம், கடல் கொந்தளிப்பு. கரைக்குத் திரும்பும்போது அலை உடையும் இடத்தில் மோட்டர் நின்றுவிட்டது. வள்ளம் குறுக்கே திரும்ப, அடுத்த அலை அதைப் புரட்டிப்போட்டது. கூடப் போன யோகநாதன் நீந்திக் கரைசேர்ந்தான். சூசைநாயகத்தின் தலையில் வள்ளத்தின் விளிம்பு அடித்துவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு ஊர் மழைக்கோட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கிறகோரிக்கும் அதே பயம்தான். அந்தத் தோல் மண்ணெண்ணெயில் ஊறி இளகியிருந்தால், கொன்றவன் அவன். உப்புத்தண்ணீர் குடித்த மோட்டரைக் கழுவவேண்டும் என்று சொல்லி, மோட்டரையும் எண்ணெய்த் தாங்கியையும் தன் கொட்டிலுக்கு எடுத்துவந்தான்.

முதலில் பம்பைக் கழற்றினான். தோல் போட்டது போட்டபடி இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான், ஊசித் துவாரம்கூட இல்லை. குழாயை ஊதிப் பார்த்தான், காற்றுத் தடையில்லாமல் போனது. வடிகட்டியிலும் பெரிய அழுக்கில்லை. ஒருத்தன் செத்த இடத்தில் சந்தோசப்பட வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோசப்பட்டான். அப்படியென்றால் மோட்டர் ஏன் நின்றது?

யோகநாதனைக் கூப்பிட்டு விசாரித்தான். அன்று மோட்டர் அதற்கு முன்னும் இரண்டு தரம் நின்றதாம். எண்ணெய் இருக்கிறதா என்று இரண்டு தரமும் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார்களாம். எண்ணெய் இருந்தது. திரும்ப மூடிவிட்டு இழுத்தால் ஸ்ராட் வந்தது. மூன்றாம் தரம் அலைக்குள் மூடியைத் திறக்க நேரமிருக்கவில்லை. எண்ணெய்க் குழாயின் நடுவில் கையால் அமுக்கும் றப்பர் உருண்டை, அப்போது சப்பளிந்து கிடந்ததாகவும் சொன்னான்.

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. தாங்கியின் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. எண்ணெய் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும், போகாவிட்டால் தாங்கி எண்ணெயை விடாது. கிறகோரி மூடியைத் திருப்பிப் பார்த்தான். உட்புறத்தில் துளையைச் சவர்க்காரம் வைத்து அடைத்திருந்தது. தாங்கி ஒழுகினால் சவர்க்காரம் அப்புவது கரையில் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அது கரையாது. அதில் பெருவிரல் அழுத்திய அடையாளம் இருந்தது. சின்னக் கையின் விரல்.

தாங்கியைக் கள்ளருக்குப் பயந்து வீட்டுக்குள் வைப்பதாகவும், அதில் கலந்த பெற்றோல் மணந்து பறந்து வீணாய்ப் போவதாகவும் சூசைநாயகத்தின் மனைவி புனிதம் போன மாதம் அவனிடமே குறைப்பட்டிருந்தாள். குளிக்கவே சவர்க்காரம் கிடையாத காலத்தில், பிள்ளைகளின் பங்கில் கிள்ளி வைத்திருக்கிறாள்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அவளே கொட்டிலுக்கு வந்தாள்.

"அண்ணை, மோட்டர் ஏன் நிண்டது?"

கிறகோரி அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு மூன்று பிள்ளைகள். "நான் போட்ட தோல் பிழைச்சுப்போச்சு, தங்கச்சி" என்றான்.

அவள் குனிந்து மண்ணை அள்ளி அவன் வாசலில் எறிந்து, உன் கை விளங்காமல் போக என்று திட்டினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அதன்பிறகு ஒருவரும் அவனிடம் மோட்டர் கொண்டுவரவில்லை. அவனோ வீடு வீடாகப் போய், பெற்றோல் பறக்கிறதென்று மூடியின் துளையை அடைக்கவேண்டாம் என்று கெஞ்சினான். மழைக்கோட்டு வெட்டி ஆளைக் கொன்றவன் எங்களுக்குப் படிப்பிக்க வந்துவிட்டான் என்று சிரித்தார்கள்.

மாசி மாதம் அதே கரையில் தொழில் செய்த சிவராசாவின் மோட்டர், அலை உடையும் அதே இடத்தில் நின்றது. வள்ளம் நொறுங்கியது, சிவராசாவின் கால் முறிந்தது. அவனுடைய மூடியிலும் சவர்க்காரம். ஒருத்தியைக் காப்பாற்றச் சொன்ன பொய் ஊரைத் தின்னப்போகிறது என்று கிறகோரிக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே சூசைநாயகத்தின் மூடியை எடுத்துக்கொண்டு புனிதத்திடம் போனான். துளை எதற்கென்று சொன்னான். மழைக்கோட்டுத் தோலையும் காட்டினான்.

அவள் தன் பெருவிரலை அந்த அடையாளத்தில் வைத்தாள், சரியாக இருந்தது.

"இதை ஏன் அண்ணை எனக்கு மறைச்சனீங்கள்?"

"நீ பிள்ளையளோட உயிரோட இருக்கோணும் எண்டு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, புனிதம் கோயில் வாசலில் மூடியோடு நின்றாள். பிள்ளைகளும் பக்கத்தில் நின்றார்கள். குரலை உயர்த்தவில்லை.

"கிறகோரி அண்ணையில பிழையில்லை. பெற்றோல் பறக்காமல் இருக்கட்டும் எண்டு இந்த ஓட்டையை அடைச்சது நான். என்ர மனுசன் அதாலதான் செத்தவர். போய் உங்கட மூடியளைப் பாருங்கோ."

ஒருவரும் அவளுக்கு ஆறுதல் சொல்ல நிற்கவில்லை. பெண்கள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வீடுகளுக்கு ஓடினார்கள். அன்று மத்தியானத்துக்குள் நாலு மூடிகளிலிருந்து சவர்க்காரம் தோண்டி எடுக்கப்பட்டது.

வாசல் வெறிச்சோடிய பிறகு புனிதம் வீட்டுக்குப் புறப்பட்டாள். மூத்த மகளுக்கு ஒன்பது வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள். அவள் கையைப் பிடிக்கப் புனிதம் கையை நீட்டினாள். பிள்ளை தன் கையை இழுத்துக்கொண்டது.