பக்கவாட்டில் எடுத்த படம்

கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் ஊர் இசைக்குழுவோடு போய்விடுவேன். பாட வராது. வாசிக்க வராது. படம் எடுப்பேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகக் கேட்டு ஒட்டிக்கொண்டது.

கேமரா பழையது. லென்ஸும் அதோடு வந்ததுதான். வெளிச்சம் குறைந்தால் அதற்குக் கண் தெரியாது. நான் படித்தது சிடாம் கிரி பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், ஆறாம் வகுப்பு வரை. கேமராத் திரையில் வரும் ஆங்கிலம் புரியாது. எண்கள் புரிந்தன. எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மேடைப் படம் சுலபமில்லை. பாடுகிறவர் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். பாட்டு தொடங்கியதும் விளக்குக்காரர் சிவப்பைப் போட்டுவிடுவார். சிவப்பில் கண், மூக்கு எதுவும் இருக்காது. பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தும்போது மட்டும் வெள்ளை விளக்கு எரியும். அதனால் முதல் வருடம் என்னிடம் தெளிவாக இருந்தவை பொன்னாடைப் படங்கள்தான்.

ஒரு தடவை பிளாஷ் அடித்தேன். தபேலாக்காரர் பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தார்.

“கண்ணு கூசுது லா. இன்னொரு வாட்டி அடிச்சீன்னா தபேலாவத் தூக்கி உன் மடியில வெச்சிடுவேன். நீயே வாசி.”

அதோடு பிளாஷை விட்டேன். முன்னால் நின்று எடுத்தால் மைக் வாயை மறைக்கும் என்பதும் மெல்லத்தான் தெரிந்தது. மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்றால் மறைக்காது. அதைக் கண்டுபிடித்தபோது பெரிய ஆள் மாதிரி நினைத்துக்கொண்டேன்.

குழுவில் ஒரே ஒரு பாடகி. சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடியில் காசாளர். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் தமிழுக்குக் கைதட்டல் விழும். “ழகரம்னா இது ழகரம்” என்று குழுத் தலைவர் மைக்கிலேயே சொல்வார்.

அலோர் ஸ்டாரில் ஒரு மண்டபம். தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்காகப் பகல் நிகழ்ச்சி. பொன்னாடை முடிந்து அவள் பாட வந்தாள். விளக்குக்காரர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். வெள்ளை விளக்கு அப்படியே எரிந்தது. நான் ஓரத்தில் நின்றேன். மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் அவள் கண்ணை மூடியிருந்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது. அப்படி ஒரு படம் நான் அதுவரை எடுத்ததில்லை.

இடைவேளையில் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கையில், இடுப்புக்குப் பக்கத்தில், ஒரு தாள். சபைக்குத் தாளின் முதுகுதான் தெரியும். எனக்கு எழுத்து தெரிந்தது. தமிழ்ப் பாட்டு, ஆனால் மலாய்க்கு எழுதுகிற ஆங்கில எழுத்தில், ரூமியில், இருந்தது. அவள் படித்தது மலாய்ப் பள்ளி. தமிழ் வாசிக்க வராது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்தும் அந்தப் படத்தைப் போட்டேன். இதை மாற்றிச் சொல்ல முடியாது. அந்தக் கையை வெட்டிவிட ஒரு நிமிடம் போதும். வெட்டவில்லை. எழுத்துகூடத் தெரியும் அளவுக்கு எடுத்திருக்கிறேனே என்ற நினைப்புதான் எனக்கு. திரும்பி வரும் வேனில் பேஸ்புக்கில் போட்டேன். “பெரிசாக்கிப் பாருங்க, பேப்பர்ல எழுத்துகூட தெரியும்” என்று மேலே எழுதியதும் நான்தான்.

பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

“தமிழ்ப்பள்ளிக்கு நிதி. பாட்டு ரூமியில.”

“ழகரம் வாடகைக்கு எடுத்ததா?”

“இப்படி எழுதிக் குடுத்தா எங்க பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கும் பாட வரும் லா.”

நடுவில் ஒருவர், “படம் கிளியர் அண்ணே” என்று எழுதியிருந்தார். அதை மட்டும் நான் இரண்டு தடவை வாசித்தேன். மறுநாள் காலையில் படத்தை நீக்கிவிட்டேன். அதற்குள் அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒத்திகைக்கு அவள் வந்தாள். பாட வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்தாள்.

“இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? நீ பாடு” என்றார் தலைவர்.

“இல்லண்ணே. இனிமே நான் வாயத் தொறந்தா எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க. வேற ஆளப் பாத்துக்குங்க.”

போகும்போது என் பக்கத்தில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“உங்க கேமராவுக்குப் பின்னாலயும் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கே, அண்ணே. அத யாராச்சும் படம் புடிச்சுப் போட்டாங்களா?”

ஒட்டியிருந்தது உண்மை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, எது எந்தப் பொத்தான் என்று குறித்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது அவள் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள்.

தலைவர் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போய் அழைத்தார். நான் கூடப் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, கோத்தா கோலா மூடாவில் ஒரு கோயில் மண்டபத்தில் பாட வந்தாள். முன்பு நான்கு பாட்டுப் பாடுவாள். அன்று ஒன்றுதான், மனப்பாடமாக. இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்திருந்தாள். நான் ஓரத்திலிருந்து கேமராவைத் தூக்கினேன். அவள் கண் என் பக்கம் வந்தது. இடது கை மைக்கை விட்டு முதுகுக்குப் பின்னால் போனது. அதில் ஒன்றுமில்லை. பாட்டில் ஒரு சொல் தடுக்கி, பிறகு சரியானது.

கேமராவை இறக்கினேன். திரைக்குப் பின்னால் போய், பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன்.

“தங்கச்சி படம் எங்க? மறுபடி வந்ததுன்னு போடணும்ல?” என்று கேட்டார் தலைவர்.

வெளிச்சம் பத்தவில்லை என்று சொன்னேன். அன்று நல்ல வெளிச்சம்.