மணலில் நடந்த திறப்பு விழா

சென்ற செவ்வாய்க்கிழமை மயிலாப்பூர்க் குளத்தோரம் டிராமுக்காக நின்றிருந்தேன். ஊரூர் குப்பத்துக் கன்னியம்மா, தலையில் மீன்கூடையோடு என்னை நோக்கி ஓடிவந்தாள்.

"ஏ ரைட்டரே, இன்னா இங்க நின்னுகினு கீறே? நம்ம சாயபு பூட்டாரு. விடிகாலைல."

அவள் அழவில்லை. "அந்தக் கோட்டைத் தொரை மட்டும் நல்லாத்தான் கீறான்" என்றாள். டிராமை விட்டுவிட்டு ராயப்பேட்டைக்கு நடந்தேன்.

காசிம் சாயபு எங்கள் பஞ்சாயத்து போர்டின் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். நான் பக்கத்து மேஜையில் நகல் எழுதுபவன். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு கோபம் இருந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

குப்பத்துக்கு ஓர் உறைக்கிணறு வேண்டியிருந்தது. மணலைத் தோண்டிச் சுட்ட மண் வளையங்களை இறக்கினால் போதும், நல்ல தண்ணீர். அதற்குச் சர்க்கார் மானியம் வரவேண்டும். மூன்று வருஷம் வரவில்லை. குப்பத்துப் பெண்கள் பங்களா வாசல்களில் குடத்தோடு நின்றார்கள். உள்ளே ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது; வெளியே நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

கோட்டையிலிருந்து பைல் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. குப்பத்தில் எத்தனை பேர் என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாம் தடவை பதில் எழுதும்போது எண்ணிக்கை குறைந்திருந்தது. அந்தக் கோடையில் வாந்திபேதி. கன்னியம்மாவின் இளைய மகளும் போனாள். சாயபு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "பைலுக்குத் தாகம் எடுக்காது நைனா. அதான் அதுக்கு அவசரம் இல்லை."

மறுநாள் ஒரு கட்டு அழைப்பிதழ்களோடு வந்தார். 'புதிய கிணறு திறப்பு விழா. மானியம் வழங்கும் துரை அவர்கள் திறந்து வைப்பார்கள்.' எதைக் கொடுத்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பிரசிடெண்டு இதிலும் போட்டார். மூன்று வருஷம் பணம் தராத துரை, மாலையும் மேளமும் உண்டு என்றதும் மூன்றே நாளில் சம்மதம் அனுப்பினார். தன் மேஜையிலேயே பைல் கிடப்பது அவருக்கு நினைவில்லை!

விழா நாள் காலை. வாழைமரம், மாவிலைத் தோரணம், நாயனம். நடுவில் நான்கு கம்புகள், அவற்றைச் சுற்றிச் சிவப்பு நாடா. உள்ளே வெறும் மணல். எதிரே குப்பத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். துரை கத்தரிக்கோலை வாங்கினார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"கிணறு எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"கிணறு தங்கள் ஆபீஸ் பைலில் இருக்கிறது, ஐயா" என்றார் சாயபு.

நாயனக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். துரை முகம் சிவந்து காருக்குப் போனார். சக்கரங்கள் மணலில் புதைந்து சுழன்றன. அந்த இடத்தில்தான் காரை நிறுத்தவேண்டும் என்று முதல் நாளே சாயபு என்னிடம் சொல்லியிருந்தார்.

"தள்றோம் தொரை. தண்ணி எப்போ?" என்றாள் கன்னியம்மா. யாரும் அசையவில்லை.

"ஒரு மாதத்தில்" என்றார் துரை, சாயபு அதை இங்கிலீஷில் சொன்னதும்.

"வாயால சொன்னா ஆவாது. எழுதிக் குடு."

"எழுதாங்காட்டி இங்கயே குட்சை போட்டுக்கினு இருக்கட்டும் தொரை. மீன் புடிக்கப் பக்கத்துல நம்ம கட்டுமரம் கீது" என்று யாரோ சொல்ல, குப்பமே சிரித்தது. சாயபு அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தை நீட்டினார். துரை எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு கார் நகர்ந்தது.

நான்காம் நாள் சாயபுவை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு வந்தது. விழாவுக்கு வந்த சம்மதத்தை விட்டால், அந்த ஆபீஸிலிருந்து தாமதமில்லாமல் வந்த ஒரே காகிதம் அதுதான். மானியமும் மாதத்துக்குள் வந்தது. கிணற்றுக் கல்லில் துரையின் பெயரைப் பொறித்தார்கள். சாயபு பெயர் எங்கும் இல்லை. அதன்பின் ராயப்பேட்டையில் மனு எழுதிப் பிழைத்தார். வருத்தமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அரே, கெணத்துல தண்ணி கீதா இல்லியா, அத்தச் சொல்லு" என்றார்.

செவ்வாய் மாலை அவரை அடக்கம் செய்தபோது குப்பத்து ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அன்று இரவு ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.

துரை கையெழுத்திட்ட அழைப்பிதழ் என்னிடம் இருக்கிறது. வேலையை விட்டுப் போகும் நாளில் சாயபு கொடுத்தது. "பத்திரமா வெச்சுக்க. மறுபடியும் வேண்டியிருக்கும்" என்றார்.

வேண்டியிருக்கிறது. குப்பத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை போன வருஷ ஐப்பசி மழையில் விழுந்தது. பிள்ளைகள் படகு நிழலில் உட்கார்ந்து படிக்கிறார்கள். மானியம் கேட்ட பைல் நான்கு கேள்விகளோடு நான்கு முறை திரும்பிவிட்டது. நேற்று அந்த அழைப்பிதழை மாதிரிக்காக அச்சகத்தில் கொடுத்தேன். புதிய பள்ளிக்கூடத் திறப்பு விழா, வரும் மாதம் பதினைந்தாம் தேதி காலை ஒன்பது மணி. பள்ளிக்கூடம் இன்னும் கிடையாது. என் வேலை போகும், போகட்டும். சாயபுவை அறிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள்.

துரையின் ஆபீஸில் யாராவது இதைப் படித்தால் அதற்குள் பணத்தை அனுப்பிவிடலாம். அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. கார் நிறுத்த இடம் பார்த்து வைத்துவிட்டேன்.