ஒற்றைப் படகுக்காரன்

எழுபதுகளில் மெல்பேர்னில் என் பக்கத்து அறையில் ஓர் இந்தோனேசியர் இருந்தார். ஒல்லி உடம்பு, இறுகிய தாடை. படகு எஞ்சின் திருத்தப் பழக வந்தவர். ஞாயிறு தவறாமல், நாங்கள் சமைக்கும் குசினி வாசலில் குந்தியிருந்து கத்தி தீட்டுவார். ஒவ்வொரு உரசலுக்கும் என் கழுத்து தானாகவே தோளுக்குள் இறங்கும்.

ஒருநாள் துணிந்து, "ஆருக்கு?" என்றேன்.

அவருடைய அரைகுறை ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன். "கராம்பு மரத்துக்கு. ஊருக்குப் போனதும் கொப்பு வெட்டவேணும்."

எனக்கு மூச்சு வந்தது. "நல்ல ஊரோ?"

"றோட்டு இல்லை. ஒரு வியாபாரியிட்ட மட்டும்தான் படகு. என்ர மனுசிக்குப் பிள்ளைவலி வந்த அண்டைக்கு, கராம்பு மூட்டையை ஏத்தினான்; அவளை ஏத்தேல்லை. கரையிலேயே செத்துப்போனாள்."

"இனி என்ன செய்யப் போறீங்கள்?"

"நானும் படகு விடுவன். எல்லாற்ற கராம்பையும் கூலி வாங்காமல் ஏத்துவன். அவன்ர படகு கிடந்து உக்கவேணும். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக அவனும் என்னட்டத்தான் வருவான்."

பயந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அவனுக்கு நீந்தத் தெரியுமோ?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கத்தியைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன்.

அந்த வியாபாரியை அவர் கடைசியில் ஏற்றினாரா என்பது இன்றுவரை தெரியாது. ஏற்றியிருந்தால் அந்த ஆள் கரை சேர்ந்திருக்க மாட்டான்; ஏற்றியிருக்கக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை.